தீவைச் சுற்றி நாலு தடவை

அரக்கு உருகும் வாசனை எங்கிருந்து வந்தாலும் எனக்கு இன்றைக்கும் நாக்கு வறண்டுபோகும். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, பினாங்கு ரோட்டில் ஒரு கார்க் கடை வாசலில், விடிந்தும் விடியாத வேளையில், ஒரு குட்டிக் காரின் பெட்ரோல் மூடிமேல் சிவப்பு அரக்கை ஊற்றி முத்திரை குத்தினார்கள். அன்று பொழுது சாயும்வரை நான் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. குடிக்கக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை.

ரப்பர் விலை விழுந்து ஊரே சோர்ந்துகிடந்த காலம் அது. கார் வாங்க ஆளில்லை. அந்தக் கடையில் டிரைவராக இருந்த என் அப்பாவோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள். அப்படி நின்றவர்களெல்லாம் சட்டி பானையைச் சுருட்டிக்கொண்டு நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் ஊரில் எங்களுக்கென்று எரிகிற அடுப்பு ஒன்றுகூட மிச்சமில்லை. அம்மாவோ பினாங்கிலேயே பிறந்தவள், கப்பல் சங்கு ஊதினாலே காதைப் பொத்திக்கொள்வாள். இந்த நேரத்தில்தான் கடையின் துரைக்கு ஒரு யோசனை வந்தது. புதிதாக வந்திறங்கிய குட்டிக் கார், தொட்டி நிறைய ஊற்றிய பெட்ரோலில், ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, நடுவில் எங்கும் நிற்காமல் பினாங்குத் தீவை நாலு சுற்றுச் சுற்றி வந்தால், அதைச் சொல்லியே நாலு கார் விற்கலாம். ஓட்டிக் காட்டுகிற டிரைவருக்குக் கடையில் வேலை நிலைக்கும். "வண்டி வழியில நின்னா அதோட சரி, டிரைவருக்கும் அதோட சரி" என்று துரை சொன்னதை அப்பா வீட்டில் வந்து தமிழில் சொன்னார். அதற்கப்புறம் யாரும் சோற்றில் கை வைக்கவில்லை.

ஏறப்போகிற குடும்பம் நாங்கள்தான். அம்மா பாரத்தைக் குறைக்க இறங்கினாள். வளையல், கொலுசு எல்லாம் பெட்டிக்குப் போயின. முதல்நாள் மத்தியானத்தோடு எங்கள் இருவருக்கும் சாப்பாடு நிறுத்தம். "தண்ணிதாண்டி ரொம்பக் கனம்" என்று சொல்லி என் கையிலிருந்த குவளையை வாங்கி வைத்துவிட்டாள். ஆனால் எங்களோடு வர, பார்த்து எழுதிக்கொள்வதற்காக, கடை அனுப்பியது கணக்கெழுதும் கிராணி காதர் மாமாவை. நாங்கள் கிடந்த பட்டினியையெல்லாம் அவர் ஒருவரே ஈடுகட்டிவிடுவார். அந்த உடம்போடு ஒரு சீப்பு வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு அவர் முன்சீட்டில் ஏறியபோது கார் ஒரு பக்கம் தாழ்ந்தது, அம்மாவின் முகமும் தாழ்ந்தது.

அவர் ஏறுவதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். பெட்ரோல் ஊற்றுகிற சீனப் பையன் ஆ பெங், எல்லார் கண் முன்னாலும் புனலில் ஆட்டுத்தோலை விரித்து, தூசி தண்ணீர் எதுவும் இறங்காதபடி வடிகட்டித்தான் ஊற்றினான். தொட்டி நிறைந்ததும் பெட்ரோல் டின்னை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். காதர் மாமா அரக்குக் கொண்டுவரப் போயிருந்தார், அப்பா வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். அம்மா முந்தானைக்குள்ளிருந்து ஒரு சின்னப் பித்தளைச் சொம்பை எடுத்தாள். தண்ணீர்மலைக் கோயில் தீர்த்தம். எங்கள் வீட்டில் புது அடுப்பானாலும் புதுப் பானையானாலும் முதலில் விழுவது தீர்த்தம்தான். காரின் நெற்றியில் கொஞ்சம் தெளித்தாள். சக்கரங்களுக்குத் தெளித்தாள். பிறகு, திறந்திருந்த தொட்டியின் வாயில், குழந்தைக்குப் புகட்டுகிற மாதிரி, கரண்டியால் மூன்று தடவை விட்டாள். அவள் உதடு முருகா முருகா என்று அசைந்துகொண்டிருந்தது. எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை. வண்டிக்கும் வாய் என்று ஒன்று இருக்கிறதே.

முத்திரை விழுந்தது, புறப்பட்டோம். தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி என்று கடலோரமாகவே போய், தெலுக் பகாங்கில் மலையேறி, பாலிக் புலாவில் இறங்கி, பாயான் லெப்பாஸ் வழியாக ஜெலுத்தோங் வந்து மறுபடி டவுன். "முட்டைமேல மிதிக்கிற மாதிரி மிதிக்கணும்" என்பார் அப்பா. அன்று அவர் காலையும் அதன் கீழிருந்த பெடலையும் தவிர வேறெதையும் நான் பார்த்ததாக நினைவில்லை. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. டவுனில் கடையைத் தாண்டும்போதெல்லாம் வாசலில் நின்ற ஆ பெங் கையை உயர்த்திக் காட்டினான். என் தொண்டை ஓலைபோலக் காய்ந்துவிட்டது. காதர் மாமா ஒரு பழத்தை உரித்து என் பக்கம் நீட்டினார். அம்மா என் தொடையில் கிள்ளினாள், நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். உள்ளே போகிற பழம் காரில்தான் இருக்கப்போகிறது, அவர் கையிலிருந்தால் என்ன, என் வயிற்றில் இருந்தால் என்ன என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. பயம் வந்தால் கணக்கு வராது.

நாலாவது சுற்றில், தெலுக் பகாங் மேட்டில், கார் இருமியது.

அப்பா கியரை மாற்றினார். இன்னொரு தடவை இருமியது. வளைவில் ஏறி நிமிர்ந்து, முக்கி, ஒரு குலுங்கு குலுங்கி நின்றேவிட்டது. திடீரென்று சில்வண்டுச் சத்தம் காதை அடைத்தது. அம்மா "முருகா" என்று மட்டும் சொன்னாள்.

அப்பா இறங்கி எஞ்சின் மூடியைத் தூக்கி, கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றி, அதிலிருந்ததை உள்ளங்கையில் ஊற்றிப் பார்த்தார். நான் அவர் பக்கத்தில் நின்றேன். பெட்ரோல் பரவி ஓடியது. அதன் நடுவில் முத்து முத்தாகத் தண்ணீர், ஒட்டாமல் உருண்டது. காலையிலிருந்து தொட்டியின் அடியில் படுத்திருந்தது, பெட்ரோல் குறைந்து மேட்டில் வண்டி சாய்ந்ததும் குழாய்க்குள் இறங்கியிருக்கிறது. அப்பா அதை முகர்ந்தார். தலையைத் தூக்கி, காருக்குள் இருந்த அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் கை முந்தானைக்குள் சொம்பை இறுக்கிப் பிடித்திருந்தது.

காதர் மாமா மெதுவாக இறங்கி வந்தார். "என்ன தம்பி, தண்ணியா? தண்ணின்னா சொல்லிடுங்க லா. கடையில ஊத்துன பெட்ரோல், கடைமேலதான் பழி. தொரை இன்னொரு தடவை ஓட விடுவாரு."

எனக்கு இன்றும் அந்த நேரம் கண்ணில் நிற்கிறது. அப்பா ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், சாயங்காலத்துக்குள் ஆ பெங் தெருவில் நிற்பான். அவன் இல்லை என்று நிரூபித்தால், வேறு யார் என்ற கேள்வி வரும். தொட்டிக்குள் தீர்த்தம் விட்ட பெண்ணின் கதையைப் பினாங்கு ரோடு முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்கள். அப்பா யாரைக் காப்பாற்றினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உள்ளங்கையை அந்த வெள்ளைச் சட்டையிலேயே துடைத்தார்.

"தூசிண்ணே. நான்தான் ராத்திரி சரியாக் கழுவல."

கார்புரேட்டர் கழுவுவது டிரைவர் வேலை. காதர் மாமா அப்பாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எழுத வேண்டியதை எழுதிக்கொண்டார்.

கொடுமை என்னவென்றால், கிண்ணத்தைத் துடைத்து மாட்டியதும் கார் கைப்பிடியின் ஒரே சுழற்றில் கிளம்பி, மலையிறங்கி, நாலாவது சுற்றையும் முடித்து, கடை வாசலுக்கு வந்து நின்றது. அரக்கை உடைத்து ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார்கள். இன்னும் பெட்ரோல் இருந்தது. கார் நல்ல கார், டிரைவர்தான் கவனமில்லாதவன் என்றார் துரை. வேறொரு டிரைவரைப் பக்கத்தில் நிறுத்திப் படம் பிடித்தார்கள். ஆ பெங் ஓடிவந்து எனக்கு ஒரு குவளை தண்ணீர் கொடுத்தான். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

வேலை போய், அப்பா தனியாகத்தான் கப்பல் ஏறினார். அம்மாவும் நானும் டத்தோ கிராமட் ரோட்டில் பெரியம்மா வீட்டில் ஒண்டிக்கொண்டோம். கப்பல் நகர்ந்தபோது அம்மா அழவில்லை; அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. மூன்று வருடம் கழித்து, அடையாளம் தெரியாத அளவுக்கு நரைத்துப்போய், அவர் திரும்பி வந்தார். அந்த மூன்று வருடமும் அம்மா கோயிலுக்குப் போவாள், தீர்த்தத்துக்குக் கை நீட்டுவாள், வாயில் மட்டும் வைக்கமாட்டாள். கீழே ஊற்றவும் மனம் வராது. அது உலரும்வரை உள்ளங்கையைக் குவித்தபடியே நின்றுகொண்டிருப்பாள். அப்பா வந்த பிறகு முதல் வெள்ளிக்கிழமை அவரும் கூட வந்தார். அவள் கை அப்படியே நிற்பதைப் பார்த்தார்.

"குடி சரசு. அன்னிக்கு அது தூசிதான்" என்றார்.

அம்மா அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, குடித்தாள்.

இப்போது அந்தக் கடை இல்லை. புனலில் ஆட்டுத்தோல் விரிப்பவர்களும் இல்லை, அரக்கு முத்திரையும் இல்லை. அப்பா, அம்மா, காதர் மாமா எல்லாரும் போய்விட்டார்கள். போன மாதம் என் மகள் அவளுடைய சின்னக் காரில் என்னைத் தெலுக் பகாங் வழியாக பாலிக் புலாவுக்கு அழைத்துப்போனாள். அந்த வளைவை நான் காட்டினேன். கார் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது.

"இங்கதான் தாத்தா வண்டி நின்னுச்சா? என்னம்மா கோளாறு?" என்று கேட்டாள்.

சொல்லலாம் என்றுதான் வாயெடுத்தேன்.

"தூசி" என்றேன்.