முசியே சவரிநாதன் இறக்கிய பலகை

மீன் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது, என்னோடு பிரெஞ்சு படித்த தனம் வந்து நின்றாள். "சேதி தெரியுமாக்கா? நம்ம பிரெஞ்சு வாத்தியாரு காலமாயிட்டாரு." பேசிய மீனை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். பிரெஞ்சு வாத்தியாராம்! அவரிடம் படித்த உங்கள் எல்லோருக்கும் அவர் அப்படித்தான். என் மாமனார் இருந்தவரை நானும் வாயைத் திறக்கவில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி எனக்கென்ன பயம்?

ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் முசியே என்போமே, அந்த முசியே சவரிநாதன் பாரிசில் மனோதத்துவம் படித்துப் பட்டம் வாங்கியவர். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்த மறுவருடம், இங்கே சாரம் பகுதியில் வாடகை வீடு பிடித்து, வாசலில் 'மனோதத்துவ நிபுணர்' என்று பலகை மாட்டினார். கணவரைப் பறிகொடுத்த நான் அங்கே போய் உட்கார்ந்தேன். அழுகையைத் தவிர ஒன்றும் வரவில்லை. "அவசரமில்லம்மா. வார்த்த வர்றப்ப வரட்டும்" என்றார். பல வாரம் கழித்துத்தான் வந்தது. கைக்குழந்தையோடு கடற்கரையில் நின்றபோது அப்படியே தண்ணீரில் இறங்கிவிடலாம் என்று தோன்றியதை அவரிடம் மட்டும் சொன்னேன். அவர் பதறவில்லை, திட்டவுமில்லை. பேசவைத்துப் பேசவைத்தே என்னை மீட்டார்.

இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, பேத்தியை எங்களிடம் கொடுங்கள் என்று மாமனார் வழக்குப் போட்டார். முசியேவைச் சாட்சிக்கு இழுத்தார்கள். மனம்விட்டுப் பேச வருகிறவர்கள் சொல்வதை வெளியே சொல்வதில்லை என்றார் அவர். அந்த உரிமை டாக்டருக்குத்தான், நீங்கள் டாக்டரா என்று மடக்கினார் வக்கீல். ஆமாம் என்றால் போலி வைத்தியர் என்று உள்ளே தள்ளுவார்கள். இல்லை என்றால் நான் சொன்னதையெல்லாம் கொட்டியாக வேண்டும். பழைய பிரெஞ்சுச் சட்டத்திலும் புதிதாக வந்த சட்டத்திலும் அவர் தொழிலுக்குப் பெயரே கிடையாதாம். மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முசியே தரையைப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "இந்தம்மா எங்கிட்ட பிரெஞ்சு கத்துக்கத்தான் வந்தாங்க."

அப்படியானால் பலகை எதற்கு?

"அது சும்மா பெருமைக்கு மாட்டுனது. அதப் பாத்து ஒருத்தரும் வரல."

கோர்ட்டே சிரித்தது. மகள் என்னிடமே இருக்கட்டும் என்று தீர்ப்பானது. பலகை அன்றே இறங்கியது.

அதோடு விட்டதா? நான் நிஜமாகவே படிக்கிறேனா என்று பார்க்க மாமனார் ஆள் வைத்தார். முசியே பிரெஞ்சு வகுப்பே தொடங்கிவிட்டார். ஜன்னல் திறந்த கூடத்தில், உங்களோடு, வாராவாரம் பெஞ்சில் உட்கார்ந்தேன். உலகத்தில் நான் மனம்விட்டுப் பேசக்கூடிய ஒரே மனிதர் எதிரே நின்று வினைச்சொல் பாடம் நடத்துவார். தொண்டைவரை வந்ததை விழுங்கிக்கொண்டு எழுதுவேன். அவருக்கும் வேறு வழியில்லை. மறுபடி பலகை மாட்டினால் சொன்ன பொய் அம்பலமாகும், குழந்தை போய்விடும். சாகும்வரை வாத்தியாராகவே இருந்தார்.

'நேற்று தூங்கினேன்.' பாடம் தொடங்கும்போதெல்லாம் இதையே மொழிபெயர்க்கச் சொல்கிறாரே என்று கேலி செய்வீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அது என்னிடம் கேட்ட கேள்வி. 'தூங்கவில்லை' என்று எழுதிக் கொடுத்தால் திருத்தமாட்டார். அடுத்த வாக்கியமாக 'நாளைக்கும் வாருங்கள்' என்பதைக் கொடுப்பார். மறுநாளும் வகுப்பு இருக்கும். ஏன் இந்தத் திடீர் வகுப்பு என்று நீங்கள் முணுமுணுப்பீர்கள்.

புதுச்சேரி இப்போது சட்டப்படியும் இந்தியாவுக்குக் கைமாறிவிட்டது என்கிறார்கள். அவர் தொழிலுக்கு இன்னும் பெயர் வரவில்லை. என் மகள் என் வீட்டிலிருந்துதான் பள்ளிக்கூடம் போகிறாள். அது அவர் கொடுத்தது. பிரெஞ்சு எனக்குக் கடைசிவரை வரவேயில்லை. பிழையில்லாமல் வருவது 'தூங்கவில்லை', 'நாளைக்கும் வாருங்கள்' என்ற அந்த இரண்டு வாக்கியங்கள்தான். இன்று காலை முதலாவதை எழுதினேன்: தூங்கவில்லை, முசியே. இரண்டாவதைச் சொல்லத்தான் ஆளில்லை.