வாழையிலையில் பூட்ஸோடு நின்றவன்

குளிரில் பல் தந்தியடிக்க, கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, "தே அய்ஸ் ஒண்ணு" என்று கேட்கிறவர்களை ஒன்பது வருஷமாகப் பார்க்கிறேன். இன்னும் பழகவில்லை. ஜன்னலுக்கு வெளியே மலை மலையாய்த் தேயிலை. உள்ளே அதே தேயிலைச் சாற்றில் டின்பாலும் ஐஸ்கட்டியும் போட்டு, நடுங்கிக்கொண்டே உறிஞ்சும் ஜனம். சித்திரை வெயிலில் முதுகில் வேர்வை ஓட ஓட, ஆவி பறக்கும் காப்பியை ஊதி ஊதிக் குடிக்கிற மன்னார்குடியிலிருந்து வந்தவன் நான். அதனால் இதைப்பற்றி வாய் திறக்க எனக்குத் தகுதியில்லை. நாக்குக்கும் வானிலைக்கும் எந்த ஊரிலும் பேச்சுவார்த்தை கிடையாது போலிருக்கிறது.

மலேசிய மலையூரான தானா ராத்தாவில் காசிம் பாயின் சாப்பாட்டுக்கடையில் நான் சமையல்காரன். படித்தது பொருளாதாரம். அந்தப் படிப்பை வைத்து மன்னார்குடியில் ஒரு மெஸ் நடத்தி, கல்லாவில் நாவல் படித்துக்கொண்டே அதை மூடியவன். பாய் இங்கேயே பிறந்தவர். ராமநாதபுரம் பக்கத்துப் பூர்வீகத்தை விலாசமாக மட்டும் வைத்திருக்கிறார். இந்த மலைத் தமிழர்கள் இந்தியாவை 'ஊர்' என்பார்கள். அங்கிருந்து வந்ததால் நான் 'ஊர்க்காரர்'. போன தடவை லீவில் மன்னார்குடி போனபோது, தெருமுனைச் சலூனில் 'மலேசியாக்காரர் வந்திருக்கார், நாற்காலியைத் துடைடா' என்றார்கள். இரண்டு இடத்திலும் எனக்குப் பட்டப்பெயர்தான் மிச்சம்.

கடைக்கு இரண்டு கூடம். முன்கூடத்தில் நம் பரோட்டாவின் தம்பியான ரொட்டி சானாய், வறுத்த நூடுல்ஸான மீ கோரிங். அதற்கு எப்போதும் கூட்டம் உண்டு. பின்கூடம் என் ராஜ்ஜியம்: வாழையிலைச் சாப்பாடு. கொதிக்கும் சட்டியை மேஜை நடுவில் வைத்து, வந்தவர்களையே சமைத்துக்கொள்ளச் சொல்லும் ஸ்டீம்போட் கடைகள் எதிர்ச்சாரியில் பெருகியபின் என் குடிமக்கள் ஒவ்வொருவராகக் கட்சி மாறினார்கள். ஒருநாள் பாய் கூப்பிட்டார்.

"பள்ளிக்கூட லீவு முடியிற வரைக்கும் பாக்குறேன் லா. கூட்டம் வரலைன்னா பின்பக்கத்த அந்த ஸ்ட்ராபெரி தலகாணி விக்கிறவன் கேக்குறான், குடுத்துடுவேன். ஒங்க வேலை பெர்மிட்டும் அப்பதான் முடியுது. கோச்சுக்காதீங்க."

இந்த மலையில் எல்லாமே ஸ்ட்ராபெரி வடிவத்தில் கிடைக்கும்: தொப்பி, குடை, சாவிவளையம். ஆனாலும் ஒரு தலையணையிடம் வேலையை இழக்கப்போகிறோம் என்பது கௌரவமாக இல்லை. வசந்தாவுக்கு, அதாவது என் மனைவிக்கு, போன் செய்து துக்கச் செய்தி சொல்லும் குரலில் சொன்னேன். அவள் அதை, வெயிட்டிங் லிஸ்ட்டில் இருந்த ரயில் டிக்கெட் உறுதியான செய்தியாகக் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப வந்துடுவீங்க. வடக்கு ரூமை ஒழிச்சு வைக்கிறேன்."

போனை வைத்தபின் வெகுநேரம் வெங்காயம் நறுக்கினேன். பின்கூடம் பிழைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேனா, அது ஒழிந்து வீடு போய்ச் சேர வேண்டும் என்று ஆசைப்படுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் ஒரு மெஸ்ஸை மூடியவன் இன்னொரு கூடத்தையும் மூடினான் என்று பேர் வாங்க மனமில்லை. புதுப் பதார்த்தங்களில் இறங்கினேன்.

முதலாவது, நாசி லெமாக் தோசை: தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, சம்பல் எல்லாவற்றையும் தோசைக்குள் சுருட்டியது. இரண்டாவது, தேயிலைத் துளிர் பஜ்ஜி. சாப்பிட்டவர்கள் பாராட்டாகவும் இல்லாமல் புகாராகவும் இல்லாமல் தண்ணீர் கேட்டார்கள். மூன்றாவது என் கனவு: ஸ்ட்ராபெரி வத்தக்குழம்பு. புளிக்குப் புளி, நிறத்துக்கு நிறம். வெயிலே எட்டிப்பார்க்காத ஊரில் வத்தல் போட நினைத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அடுப்பு மேடையில் பழங்களைப் பரப்பி வாட்டினேன். திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டிவரும் குணாதான் முதலில் ருசி பார்த்தவன். ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு யோசித்தான்.

"அண்ணே, இத சோத்துல ஊத்தணுமா, ரொட்டியில தடவணுமா?"

இந்த நிலையில் பாய் ஈப்போ போய்வந்தார். அங்கே ஒரு பேரங்காடியில் வெறும் தாளை போனில் பார்த்தால் பொரித்த கோழி ஒன்று எழுந்து நடனமாடியதாம். ஆக்மென்டட் ரியாலிட்டி. கண்ணுக்கு முன்னால் இருப்பதன்மேல் இல்லாததை ஏற்றிக் காட்டுவது. தமிழில் மிகைமெய்ம்மை என்கிறார்கள். எங்கள் ஊர் கல்யாணப் பேனர்களில் போனே இல்லாமல் இதைச் செய்துவிடுவோம். தாய்மாமன்கள் சிங்கத்தின்மேல் கைவைத்து நிற்பார்கள், யாரும் சந்தேகப்பட்டதில்லை. பாய்க்கு அந்த வரலாறு தெரியாது. கோழிக்குப் பதிலாக ஆள் எழுந்துவந்து விருந்தாளியை உபசரிக்க வேண்டும் என்று முடிவு செய்தார். ஆள் யார் என்றால், சம்பளத்தில் ஏற்கனவே இருக்கிற ஆள்.

ஈப்போவிலிருந்து மிஸ் லிங் என்ற இளம்பெண் கேமராக்களோடு வந்தாள். பின்கூடத்தில் வெள்ளைத்துணி விரித்து, அதன் நடுவில் என்னை நிற்கச் சொன்னாள். சமையற்கட்டுத் தரை எப்போதும் ஈரம் என்பதால் நான் முழங்கால் வரை ஏறும் ரப்பர் பூட்ஸ் போட்டிருப்பேன். வெள்ளை விரிப்பைப் பார்த்ததும் கால் தானாக நின்றது. பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

"அங்கிள், கசுத் பாக்காய் லா," என்றாள். பூட்ஸைப் போடச் சொல்கிறாள். அப்போதுதான் இயல்பாக இருக்குமாம்.

விரிப்பில் பூட்ஸோடு ஏறுவது மரியாதை இல்லை என்பதை மலாயில் விளக்க முற்பட்டேன். என் மலாய் மீன்கடையோடு நின்றுவிடும். "துணி வெள்ளை, கால் அழுக்கு" என்ற அளவில்தான் வந்தது. அவள் என் பாதங்களை அனுதாபத்தோடு பார்த்தாள். அழுக்கென்றால் மூடிக்கொள்வதுதானே நல்லது என்று பூட்ஸை அவளே எடுத்து நீட்டினாள். போட்டுக்கொண்டேன். கேமரா என்னை மூன்று சுற்று சுற்றி வந்தது. கல்யாணத்தன்றுகூட யாரும் என்னை இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

அடுத்தது குரல். "வணக்கம். தங்கள் வருகையால் எங்கள் உணவகம் பெருமையடைகிறது" என்று ஆரம்பித்தேன். பாய் கையை உயர்த்தினார். "நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு லா. இத கேட்டுட்டு யாருக்குப் பசிக்கும்?" ஆகவே குணா லோரியிலிருந்து இறக்கப்பட்டான். உடம்பு என்னுடையது, வாயசைப்பு என்னுடையது, தமிழ் குணாவுடையது என்று ஒப்பந்தமானது.

முதல் ஞாயிற்றுக்கிழமை. பதினான்கு மேஜைகளிலும் வாழையிலை அச்சடித்த தாள் விரித்திருந்தோம். பக்கத்து எஸ்டேட்டிலிருந்து பார்வதி அக்கா மகன், மருமகள், சம்பந்தி சகிதம் வந்தார். அந்தக் குடும்பம் சொன்னால் அந்தத் தொழிலாளர் லயத்தில் பத்து வீடு கேட்கும். மகன் போனை நீட்டினான். இலையின் நடுவில் சாண் உயரத்துக்கு நான் முளைத்தேன். தொப்பை சற்று அதிகம். அது கேமராவின் தவறில்லை. "வாங்க வாங்க, பசியாறியாச்சா? நாசி லெமாக் தோசை சாப்பிட்டுப் பாருங்க லா," என்றது குணாவின் குரல். நான் சமையற்கட்டு வாசலில் மாப்பிள்ளை மாதிரி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா போனையே உற்றுப்பார்த்தார். பிறகு வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

"ஏன் ஊர்க்காரரே, சோறு போடுற எலையில பூட்சு காலோட ஏறி நிக்கிறீங்களே. ஒங்க ஊர்ல இப்படித்தான் பரிமாறுவீங்களா?"

"அம்மா, அது நெசம் இல்லம்மா. போன்ல தெரியறது," என்றான் மகன்.

"பூட்சு நெசம்தானேடா. அந்தா, மாட்டிகிட்டு நிக்கிறாரு பாரு."

குடும்பம் மொத்தமாக எழுந்து முன்கூடத்துக்குப் போய் ரொட்டி சானாய் சாப்பிட்டது. அன்று மாலைக்குள் பின்கூடத்தில் மிஞ்சியவர்கள் நானும் என் பதினான்கு பிம்பங்களும்.

எனக்கு அக்காமேல் கோபமே வரவில்லை. மன்னார்குடியில் ஒரு கல்யாணப் பந்தி ஞாபகம் வந்தது. நான்தான் பரிமாறிக்கொண்டிருந்தேன். போட்டோக்காரர் ஒருவர் நல்ல கோணம் தேடி, இலை வரிசைக்கு நடுவே ஷூவோடு ஒரு கால் வைத்துவிட்டார். யாரும் கத்தவில்லை. ஒரு வரிசை முழுக்கக் கை உதறி எழுந்தது, அவ்வளவுதான். அன்று அவரைத் தலையில் குட்டி வெளியேற்றியவர்களில் நானும் ஒருவன். கடல் தாண்டி வந்து அதே தப்பை, அதுவும் மேஜைக்கு ஒரு தடவை வீதம், செய்திருக்கிறேன்.

மிஸ் லிங்குக்குப் போன் செய்து பூட்ஸை எடுக்கச் சொன்னோம். எடுத்துவிட்டாள். அடுத்தநாள் பார்த்தால் முழங்காலுக்குக் கீழே நான் இல்லை.

"கால் எங்கே?" என்றேன்.

"கேமரா பூட்ஸைத்தான் பார்த்தது, அங்கிள். உள்ளே கால் இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. ஆனால் நம் ஜனத்துக்கு, கால் தரையில் பாவாமல் அந்தரத்தில் நின்று சிரிக்கிற ஆண் என்றால் ஒரே அர்த்தம்தான். சேதி ரிங்லெட் வரை போனது. கூட்டம் வந்தது, போனைப் பிடித்து, "ஐயோ, ஆமா லா, காலே இல்ல" என்று உறுதி செய்துகொண்டு, பச்சைத்தண்ணீர்கூடக் கேட்காமல் போனது. ஒரு பெரியவர் மேஜைத்தாளில் திருநீறு போட்டுவிட்டுப் போனார். பாய் இடிந்துபோனார். "பேய் பரிமாறுற கடைன்னு பேரு வந்தா அந்தத் தலகாணிக்காரன்கூட வரமாட்டான்."

வெட்டுப்பட்ட இடத்தை எதிலாவது மறைக்க வேண்டும். எனக்கு உருப்படியான யோசனை ஒன்று அப்போதுதான் வந்தது: என்னை இலையிலிருந்து இறக்கி, பக்கத்தில் ஒரு பெரிய கிண்ணம் வைத்து, அதில் நிறுத்துங்கள். கிண்ணத்தில் என்ன? சிவப்பாக, கெட்டியாக, உள்ளே இருப்பது தெரியாததாக எதுவாவது. என்னிடம் அப்படி ஒன்றுதான் இருந்தது. யாரும் வாங்காத ஸ்ட்ராபெரி வத்தக்குழம்பு.

மிஸ் லிங் வேகமானவள். அடுத்த சனிக்கிழமையே நான் குழம்பில் முழங்கால் அளவு இறங்கி, ஆவி பறக்க, வெந்நீர்க் குளத்தில் நிற்கிறவன் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தேன். கோலாலம்பூரிலிருந்து வந்த மலாய்க்காரப் பெண்கள் ஐவர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். பிறகு, அந்த அங்கிள் ஊறிக்கொண்டிருக்கிற குழம்பு வேண்டும் என்றார்கள். உண்மையாகவே சாப்பிட்டார்கள். நெத்திலியோடு நன்றாக இருப்பதாக மறுபடி வாங்கினார்கள். பலகையில் பாய் 'அங்கிள் பெரெண்டாம்' என்று எழுதிவைத்தார். ஊறும் அங்கிள் என்று பொருள். பதார்த்தத்துக்குப் பெயர் வைக்க நான் பயன்படுத்திய இலக்கிய அறிவு முழுவதும் ஒரே சாக்பீஸில் தோற்றது.

அடுத்த ஞாயிறு பார்வதி அக்காவும் வந்தார். போனில் என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இப்ப பரவால்ல. எலைய விட்டு எறங்கிட்டாரு." குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தார். "ஆனா இவரு கால கழுவிட்டுத்தான் எறங்குனாரா?"

"கழுவிட்டேன்கா."

"சரி, ஊத்துங்க."

லீவு முடியும்போது பின்கூடத்தில் இடம் கிடைக்காமல் ஆட்கள் நின்றார்கள். பாய் தலையணைக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார். "ஒங்க பெர்மிட் பேப்பர்ல கையெழுத்து போட்டாச்சு. இனிமே எங்கயும் போகமுடியாது, பாத்துக்குங்க." அவருக்கு அது வாழ்த்து.

மதியக் கூட்டம் ஓய்ந்தபின் வசந்தாவைக் கூப்பிட்டேன். இம்முறை நல்ல செய்தி சொல்லும் குரலை வரவழைத்துக்கொண்டேன். மறுமுனையில் மிக்ஸி ஓடி நின்றது.

"அப்படியா. நல்லதுதானே," என்றாள். பிறகு, "அப்ப வடக்கு ரூம்ல மறுபடி அரிசி மூட்டைய வச்சுக்கறேன்," என்றாள். நான் நெத்திலி விலையைச் சொன்னேன். அவள் உளுந்து விலையைச் சொன்னாள். கடைசியில் அவளே கேட்டாள்: "அந்தப் படத்தை நான் பார்க்க முடியாதா?"

மேஜைத்தாளின் படத்தை அனுப்பினேன். எதிர்வீட்டுப் பிரிண்டரில் எடுத்து, எங்கள் சாப்பாட்டு மேஜையில் விரித்து, போனைப் பிடித்திருக்கிறாள். மிஸ் லிங் என்னைத் தனியாகவும் கிண்ணத்தைத் தனியாகவும் செய்திருந்தாள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. மன்னார்குடி சிக்னலில் நான் போய்ச் சேர்ந்துவிட்டேன், கிண்ணம் போகவில்லை. வசந்தா அனுப்பிய போட்டோவில் நல்லெண்ணெய் பாட்டிலுக்கும் ஊறுகாய் ஜாடிக்கும் நடுவே, என் வீட்டு மேஜையில், முழங்காலோடு முடிந்துபோய் அந்தரத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு முன்னால் ஒரு சின்னத் தட்டில் ரசஞ்சாதமும் அப்பளமும். கூடவே அவள் குரல், ஒரு பதிவாக.

"முட்டிக்குக் கீழ ஒண்ணும் காணோமேங்க. பரவால்ல. வந்த வரைக்கும் சாப்பிடுங்க."

நான் குனிந்து பார்த்தேன். மிச்சம் இரண்டும் இங்கேதான், தானா ராத்தாவின் ஈரத்தரையில், பூட்ஸுக்குள் இருந்தன.