பெரியப்பா பார்க்காத வண்டி

என் வீட்டுக்காரர் வாழ்க்கையில் பாதியைப் படுத்தே கழித்தவர். சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். படுத்ததெல்லாம் பஸ்ஸுக்கு அடியில். டிப்போவில் பிரேக் பார்க்கிற வேலை. காலையில் வண்டிகள் வெளியே கிளம்பும் முன், ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் சின்னச் சுத்தியலுமாக ஒவ்வொன்றின் அடியிலும் நுழைவார். தட்டுவார், காது கொடுத்துக் கேட்பார், வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு “போகலாம்” என்பார். அவர் சொல்லாமல் ஒரு வண்டியும் நகராது. டிப்போவில் அவருக்குக் ‘கீழே பாரு’ என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே அண்ணன் என்பார்கள்; அந்தப் பக்கம் திரும்பினால் “கீழே பாரு வர்றாரு, ஒதுங்கு” என்பார்கள். அது அவருக்கும் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்த வேலை டிப்போவோடு நின்றிருந்தால் நான் ஏன் புலம்பப் போகிறேன்? யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். ஊஞ்சலைக் கண்டால் கொக்கியைப் பார்ப்பார். லிஃப்ட்டில் ஏறினால் அதன் சத்தத்தைக் கேட்பார். அவர் கேட்டு முடிக்கிற வரைக்கும் உள்ளே நிற்கிற யாரும் வாய் திறக்கக் கூடாது. இவர் அனுப்பிய வண்டி ஏதாவது எங்கேயாவது கவிழ்ந்திருக்கும், அந்தப் பயம்தான் போல என்று சிலர் என்னிடம் பரிவோடு கேட்டிருக்கிறார்கள். அப்படி ஒன்றுமே இல்லை. இத்தனை வருடத்தில் இவர் அனுப்பிய வண்டியில் ஒரு சின்ன அசம்பாவிதம்கூட நடந்ததில்லை. அதுதான் என் தலைவலி. தான் குனிந்து பார்ப்பதால்தான் உலகம் ஒழுங்காக ஓடுகிறது என்று முடிவு கட்டிவிட்ட மனுஷனிடம் என்ன பேசி ஜெயிப்பது?

எங்களுக்குப் பிள்ளை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை உண்டு. என் தங்கச்சி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஞாயிறன்றும் பெரும்பாலும் டியூட்டி இருக்கும். அதனால் அவள் மகளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போவாள். ஆறு வயது, சரியான வாயாடி. வந்ததும் செருப்பை ஒரு மூலையிலும் பையை இன்னொரு மூலையிலும் வீசிவிட்டு “பெரியம்மா, பசிக்குது” என்று கத்துவாள். அந்த ஒரு சத்தத்துக்காக மற்ற நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

அதற்கும் வேட்டு வந்தது. ஒரு சாயங்காலம் தங்கச்சி நேராக என் சமையலறைக்கு வந்து நின்றாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“அக்கா, ஸ்கூல் வேன் டிரைவர் என்கிட்ட சண்டைக்கு வராத குறை. இவ வேன்ல ஏற மாட்டேங்கிறாளாம். கீழ குனிஞ்சு பாத்தாத்தான் ஏறுவேன்னு ரோட்டுல நிக்கிறாளாம். தினம் எல்லாப் பிள்ளைங்களுக்கும் லேட்டு.”

“சின்னப் பிள்ளை. விளையாட்டுக்குச் செஞ்சிருப்பா.”

“விளையாட்டு இல்லக்கா, பயம். தூக்கத்துல ‘பிரேக் பிடிக்கல’ன்னு அழுவுறா. எல்லாம் அத்தான் ஏத்தி விட்டது. வர்ற ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. அந்த மர மியூசியத்துக்குப் போவோம். குட்டி ரயில் இருக்கு. அவ எல்லாப் பிள்ளைங்களையும் மாதிரி சிரிச்சுக்கிட்டே அதுல ஏறி இறங்கணும். அன்னிக்கும் அத்தான் எதுக்கு அடியிலயாவது குனிஞ்சாருன்னா, இனிமே அவளை இங்க விடமாட்டேன். வேற ஆள் பாத்துக்குறேன். மனசுல வச்சுக்காத.”

மனசில் வைத்துக்கொள்ளாமல் வேறெங்கே வைப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலை அவரை வாசலில் மடக்கினேன். “இன்னிக்கு நீங்க பிரேக் பாக்குறவர் இல்ல. வெறும் பெரியப்பா. புரியுதா?”

“புரியுது.”

“எதுக்கு அடியிலயும் குனியக் கூடாது.”

“சரிங்கறேன்ல.”

“சுத்தியலைக் குடுங்க.”

பேன்ட் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். லீவு நாளில் குடும்பத்தோடு ஊர் சுற்றக் கிளம்புகிறவர் பையில் சுத்தியல். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

தங்கச்சியும் பிள்ளையும் காரில் வந்தார்கள். நாங்கள் பஸ்ஸில் போனோம். முந்தின நாள் இவரே அடியில் நுழைந்து பார்த்த பஸ்தான். அதனால் வழியெல்லாம் நிம்மதியாகத் தூங்கினார்.

அந்த மியூசியம் ஊருக்கு வெளியே, மலையடிவாரத்தில். காட்டில் மரம் வெட்டிய காலத்துச் சாமான்களையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கிற நீள ரம்பம், மரம் தூக்குகிற இரும்புக் கிரேன், வட்டமாக அறுத்து நிறுத்திய பெரிய மரத்துண்டு. ஒரு கொட்டகையில் பழைய மில்லையே ஓட்டிக் காட்டினார்கள். மரத்தூள் வாசனை மூக்கைத் துளைத்தது. எல்லாரும் அதையெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். நான் பார்த்த காட்சிப்பொருள் ஒன்றே ஒன்று, என் வீட்டுக்காரர். கிரேன் பக்கம் அவர் கழுத்து சாயும். சட்டையைப் பிடித்து இழுப்பேன். மில்லின் பெல்ட் பக்கம் முழங்கால் மடங்கும், இருமுவேன். என் இருமலைக் கேட்டு அங்கே இருந்த அம்மா ஒருத்தி எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

மனுஷன் வாக்கைக் காப்பாற்றினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வகுப்பில் தண்டனை வாங்கிய பையனாட்டம் நடந்தார். பிள்ளை மரத்துண்டின் வளையங்களை எண்ணத் தொடங்கி, பாதியில் குழம்பி, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். தங்கச்சி என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஆகா, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

ரயிலுக்குக் கூட்டம் அலைமோதியது. எங்களுக்குக் கடைசி நடையில்தான் இடம் கிடைத்தது. ஒரு காலத்தில் மரக்கட்டை இழுத்த நீராவி எஞ்சின், பின்னால் பக்கம் திறந்த சின்னச் சின்னப் பெட்டிகள். பிள்ளை தயங்காமல் ஏறி ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். கீழே பார்க்கவே இல்லை. தங்கச்சி என் கையை அழுத்தினாள்.

அப்போதுதான் எஞ்சின் பக்கமிருந்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சீறல் கிளம்பியது. கிளம்பியது நிற்கவே இல்லை. எனக்குப் பக்கத்தில் இவர் விறைத்து உட்கார்ந்தார்.

“காத்து போகுது” என்றார் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

“இது ரயிலுங்க. பஸ் இல்ல.”

“எதுவா இருந்தா என்ன? பிரேக் பிரேக்குதான்.”

“வாயை மூடிக்கிட்டு உக்காருங்க.”

உட்கார்ந்தார். நெற்றியில் வியர்வை பொடித்தது. பிறகு எழுந்து, “பிள்ளைக்குத் தண்ணி பாட்டில் வாங்கியாந்துடறேன்” என்று இறங்கினார். பிள்ளை பேரைச் சொன்னதால் நம்பித் தொலைத்தேன். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் எனக்குப் புத்தி வரவில்லை.

விசில் ஊதியது. பச்சைக் கொடி பிடித்திருந்த பெண் அதைத் தூக்கப் போனவள், சட்டென்று சிவப்பைத் தூக்கினாள். எட்டிப் பார்த்தேன். மில் கொட்டகையில் அறுத்துப் போட்டிருந்த கட்டைகளில் இரண்டை எடுத்து வந்து, எங்கள் பெட்டியின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் சொருகிவிட்டு, மண்டியிட்டு அடியில் தலையை நுழைத்துக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். டிப்போவில் சந்தேகப்பட்ட வண்டிக்கு முதலில் கட்டை போடுவார்கள், அப்புறம்தான் பேச்சு. காலையில் சுத்தியலைப் பிடுங்கி வைத்தேன். கைப்பழக்கத்தை எங்கே போய்ப் பிடுங்குவது?

எஞ்சின் டிரைவர் இறங்கி வந்தார். “யாருங்க கட்டை வச்சது?”

“நான்தான். உங்க வண்டில காத்து லீக் ஆகுது. கேக்கலையா?”

“லீக் இல்லைங்க அது. குழாய்ல இருக்கிற காத்தை உறிஞ்சி வெளிய தள்ளுற சத்தம். அந்தச் சத்தம் இருந்தாத்தான் இதுல பிரேக்கே இருக்கு. நின்னுச்சுன்னாதான் பயப்படணும்.”

இவர் மண்டியிட்டபடியே அந்தச் சீறலை இன்னொரு தடவை கேட்டார். பஸ்ஸில் காற்று சீறினால் பிரேக் போகிறது. அதையே ஆயுளெல்லாம் கேட்டுப் பழகிய காது. இந்த ரயிலில் எல்லாம் தலைகீழ். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

டிரைவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சக்கரத்தில் யாராவது கை வைத்துவிட்டால் எல்லாரையும் இறக்கிவிட்டு முழு வண்டியையும் மறுபடி சோதிக்க வேண்டும், அதுதான் அங்கே விதி, அதற்குள் மூடுகிற நேரம் ஆகிவிடும் என்று பொறுமையாகச் சொன்னார். அத்தனை பேரும் இறங்கினார்கள். “நாலு பேர் சந்தோஷமா இருந்தா சில பேருக்குப் பொறுக்காது” என்று ஒருவர் எங்கள் காதில் விழும்படியே சொல்லிக்கொண்டு போனார். எனக்கு அவமானம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். தங்கச்சி பிள்ளையை இறக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். பிள்ளை அழவும் இல்லை. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, தாண்டிப் போகும்போது ஒவ்வொரு சக்கரத்தையும் பார்த்துக்கொண்டே போனாள்.

கார் நிறுத்துமிடத்தில் தங்கச்சி கதவைத் திறந்தாள். பிள்ளை ஏறவில்லை.

“ஏறுடி.”

“பெரியப்பா பாக்கட்டும்.”

தங்கச்சி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.  இவர் காரிலிருந்து தள்ளி, பேன்ட் முட்டியில் மரத்தூளோடு நின்றிருந்தார். வேறு நாளாக இருந்தால் இந்நேரம் பாதி உடம்பு காருக்கு அடியில் இருந்திருக்கும்.

“நல்லாருக்கு கண்ணு. ஏறு” என்றார்.

“நீங்க பாக்கவே இல்லையே?”

அவர் என்னைப் பார்க்கவில்லை, தங்கச்சியையும் பார்க்கவில்லை. 

“பாத்துட்டேன்.”

பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லத் தெரியாத மனுஷன். அவசரம், மேலிடத்து உத்தரவு என்று எத்தனையோ பேர் நெருக்கியபோதும் அந்த ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அதற்காகவே பதவி உயர்வு கிடைக்காமல் போனதும் உண்டு. பிள்ளை அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு நம்பினாள். ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

நான் வருடக்கணக்காகத் தொண்டை வறளக் கேட்டது இதைத்தான். கிடைத்துவிட்டது. ஆனால் வாங்கி வைத்துக்கொள்ள மனசு வரவில்லை.

தங்கச்சி கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்தாள். குரல் இறங்கியிருந்தது. “கீழ பாக்காமலே ஏறிட்டா பாரு. வர்ற ஞாயித்துக்கிழமை கொண்டுவந்து விடறேன்க்கா. அத்தானைத் திட்டாத.” எனக்குக் கண் கலங்கிவிட்டது. தலையை மட்டும் ஆட்டினேன்.

கார் கிளம்பி வெளிவாசல் வரிசையில் போய் நின்றது. தங்கச்சி பிரேக்கை மிதித்தாள். வலது பக்கம் சிவப்பு விளக்கு எரிந்தது. இடது பக்கம் எரியவில்லை. கொஞ்சம் நகர்ந்து மறுபடி மிதித்தாள். இடது பக்கம் இருட்டாகவே இருந்தது.

திரும்பி இவரைப் பார்த்தேன். அவரும் பார்த்துவிட்டார்.  பிறகு தலையைக் குனிந்து தரையைப் பார்க்கத் தொடங்கினார்.

வீட்டுக்குப் போனதும் போன் பண்ணிச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கும் தோன்றியது. ஒரு விளக்குதானே, இன்னொன்று எரிகிறதே என்றும் தோன்றியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கைக்கு வந்திருந்தது. ஆனால் வாசலுக்கு வெளியே மலையிலிருந்து இறங்கி வரும் ரோடு, பின்னால் முட்டிக்கொண்டு வருகிற லாரிகள். என் கால் எனக்கு முன்னால் ஓடிவிட்டது. செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றது. மூச்சு வாங்க ஓடிப் போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

தங்கச்சி கண்ணாடியை இறக்கினாள்.

“இடது பக்கம் பிரேக் லைட் எரியல.”

அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் என்னையே பார்த்தாள்.

“நீயுமாக்கா?”

நான் பதில் சொல்வதற்குள் பின் சீட்டிலிருந்து சின்னக் குரல் கேட்டது. “பெரியப்பா பாத்துட்டேன்னு சொன்னாரே?”

 பிள்ளை பெல்ட்டைக் கழற்றும் சத்தம் கேட்டது.