மொட்டை மாடியில் மாமாவின் இதயம்

உலகத்திலேயே தலைசிறந்த பிளம்பர் என் மாமா. மிகைப்படுத்தவில்லை, குறைத்துத்தான் சொல்கிறேன். அவர் தெருமுனையில் திரும்பும்போதே ஒழுகுகிற குழாயெல்லாம் பயந்து வாயை மூடிக்கொள்ளும். கடலுக்கு அடியில் ஓட்டை விழுந்தாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். இவரும் "நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வாரம் போவார்.

அப்பேர்ப்பட்டவரின் நெஞ்சில் வால்வு லீக்.

டாக்டர் சொல்லிவிட்டார். இதயத்தின் இடது பக்க வால்வு சரியாக மூடவில்லை. முன்னால் தள்ளுகிற ரத்தம் பின்னால் வருகிறது. சீக்கிரம் ஆபரேஷன் செய்தாக வேண்டும்.

"ஊர்ல இருக்கற வால்வெல்லாம் நான் மாத்துவேன், என் வால்வ இன்னொருத்தன் மாத்தறதா?" என்று மாமா குதித்தார். "சொட்டு லீக்குக்கு யாராவது மோட்டாரக் கழட்டுவாங்களா?"

ஆனால் மாடிப்படியில் பாதி வழியில் நின்று, செருப்பைச் சரிசெய்வதுபோல் மூச்சு வாங்குவார். அத்தைக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அழுதுகொண்டே இருந்தார்.

"அழாதே. ரத்தம் எப்படித்தான் ஓடுதுன்னு நானே கட்டிப் பாத்துடறேன்" என்று என் அறிவியல் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். அந்தப் புத்தகத்தை எங்கள் வீட்டில் ஒருவர் திறந்தது அதுவே முதல் தடவை.

பழைய குழாய்களை ஆள் வடிவத்தில் பூட்டி, இரண்டு மோட்டார் பம்புகளை இதயமாக்கினார். முதலில் அந்த இதயத்தைத் தலைக்கு மேலே ஸ்டாண்டு போட்டு வைத்தார்.

"உங்களுக்கு நெஞ்சு அங்கயா இருக்கு?" என்றார் அத்தை.

"டேங்க் மேலதான்டி இருக்கணும். அப்பதானே தண்ணி இறங்கும்?"

"இறங்கினது திரும்பி மேல ஏற வேணாமா?"

முணுமுணுத்துக்கொண்டே இதயத்தை நெஞ்சுக்கு இறக்கினார். வலது பம்பு, காற்று தீர்ந்த ரத்தத்தை நுரையீரலுக்குத் தள்ளும். நுரையீரல் என்பது மீன்தொட்டிக் காற்றுக்குழாய் போட்ட ஒரு வாளி. அங்கே காற்று வாங்கிக்கொண்டு ரத்தம் இடது பம்புக்கு வரும். அது தலை, கை, கால் என்று எல்லா இடத்துக்கும் அனுப்பும். பிறகு நீலக் குழாய் வழியாக மறுபடி வலதுக்கு. காலிலிருந்து ஏறுகிற ரத்தம் வழுக்கி விழாமலிருக்க, நடுவில் குட்டிக் குட்டி வால்வுகள்.

சுவிட்சைப் போட்டார். சாயத் தண்ணீர் உச்சந்தலைக்குப் பாய்ந்தது, உள்ளங்காலுக்கு இறங்கியது, திரும்பி ஏறியது. மாமா ஸ்பேனரைச் சுழற்றிக்கொண்டு ஆடினார். நானும் ஆடினேன்.

"பாத்தியா என்னமா ஓடுது! எனக்குப் போய் ஆபரேஷனாம்!"

"அது புது வால்வுங்க" என்றார் அத்தை. மாமா காதில் விழவில்லை. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே போனார்.

மாமா டீ குடிக்க இறங்கியதும் இடது பம்பின் வால்வைக் கழற்றினேன். உள்ளே இருந்த ரப்பர் மூடியை அத்தையின் தையல் கத்திரிக்கோலால் கொஞ்சம் வெட்டி, ஒன்றும் தெரியாத பூனைபோல் மறுபடி பூட்டினேன்.

மாமா அடுத்த தடவை சுவிட்சைப் போட்டதும் மோட்டார் முனகியது. தலைக்குச் சொட்டுதான் போனது. தள்ளிய தண்ணீரெல்லாம் பின்னால் வந்து நுரையீரல் வாளி பொங்கி வழிந்தது. மாமா வேகமாக அணைத்தார். வால்வைக் கழற்றிப் பார்த்தார். சூடான மோட்டார்மேல் ஒரு கையை வைத்தார். இன்னொரு கை தானாக அவர் நெஞ்சுக்குப் போனது.

"இதனாலதான் படியேறினா மூச்சு வாங்குதா" என்று மெதுவாகக் கேட்டார். பிறகு, "மோட்டார் எரியறதுக்குள்ள மாத்திடணும். டாக்டருக்குப் போன் போடு."

ஆபரேஷன் அன்று தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டு என்னைக் கிட்டே கூப்பிட்டார். ஏதோ உருக்கமாகச் சொல்லப்போகிறார் என்று குனிந்தேன். என் காதைப் பிடித்துக்கொண்டார்.

"ஏய் வாலு, ரப்பர் தேஞ்சா வழவழன்னு தேயும். பல்லு பல்லா தேயுமா?"

என் முழி பிதுங்கியது. அத்தையின் கத்திரிக்கோல் துணி ஓரத்தைப் பல் பல்லாக வெட்டுவது.

"அன்னிக்கே தெரியுமா மாமா? அப்புறம் ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"வெட்டினது நீ. மோட்டார் திணறினது நெசந்தானே?" வண்டி நகர்ந்தது. என் காதைப் பிடித்திருந்த கையை மட்டும் அவர் விடவில்லை. நானும் கூடவே ஓடினேன். "அத்தைகிட்ட இப்ப சொல்லல. வந்து உன்ன வச்சுக்கறேன்!"