நாலு மணிப் பால்

என் மகளுக்கு அப்போது ஏழு மாதம். ஜோகூர் மாசாயில், இப்போது இருக்கும் இதே தெரஸ் வரிசை வீட்டில்தான் இருந்தோம். எனக்கு வேலை சிங்கப்பூரில், ஒரு கிடங்கில். எல்லைப் பாலத்து நெரிசலில் மாட்டாமல் இருக்க விடியற்காலை நாலரைக்கெல்லாம் மோட்டாரை எடுத்துவிட வேண்டும். திரும்பி வர இரவு எட்டரை ஆகிவிடும். ஜோகூரில் பாதிப் பேர் பிழைப்பு இப்படித்தான் ஓடுகிறது.

என் மனைவி எதையும் முறையாகச் செய்கிறவள். குழந்தையை எப்படித் தூங்க வைப்பது என்று கைப்பேசியில் படித்துப் படித்து, ஓர் அட்டவணை எழுதி ஐஸ்பெட்டியில் ஒட்டிவிட்டாள். ஏழு மணிக்கு விளக்கை அணைத்துக் கட்டிலில் போட வேண்டும். ஆட்டக் கூடாது. நான் ஆசையாக வாங்கி வந்த ஸ்பிரிங் தொட்டில் பெட்டியைவிட்டே வெளியே வரவில்லை.

"நாமெல்லாம் தொட்டில்ல ஆடித்தானே வளந்தோம், என்ன கெட்டுப் போச்சு?" என்றேன்.

"அதான் இன்னும் உங்கள எழுப்ப மூணு அலாரம் வேண்டியிருக்கு" என்றாள். பேச்சில் அவளை ஜெயிக்க முடியாது.

தொட்டில்கூடப் பரவாயில்லை. ஏழு மணிதான் என்னை வதைத்தது. நான் வரும்போதும் மகள் தூக்கம், போகும்போதும் தூக்கம். நாலு மணிக்கு ஒரு பால் உண்டு. அதையும் இருட்டிலேயே என் மனைவி கொடுத்துவிடுவாள். நான் அந்தப் பக்கம் போனால் பிள்ளை முழுசாக முழித்துவிடுமாம். ஞாயிற்றுக்கிழமை தவிர, என் பிள்ளையின் கண்ணை நான் பார்த்ததே இல்லை. இரண்டு மணி நேரம் தள்ளிப் போடேன் என்று கெஞ்சினேன், கோபப்பட்டேன். அவள் மசியவில்லை. கடைசியில் இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதே குறைந்துவிட்டது.

ஒரு நாள் மழையில் நனைந்து வந்து சேர்ந்தேன். மனைவி குளியலறையில் இருந்தாள். உடை மாற்றிக்கொண்டு மெதுவாக அறைக்குள் போய், பிள்ளையின் உள்ளங்காலை வருடினேன். தெரியாமல் பட்டது என்று சொல்ல மாட்டேன். எழ வேண்டும் என்றுதான் செய்தேன். கண்ணைத் திறந்தாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். குனிந்து முகத்தைக் காட்டினேன்.

வீடே அதிர வீரிட்டாள். தூக்கினால் உடம்பை வில்லாக வளைக்கிறாள். மனைவி ஈரத் தலையோடு ஓடி வந்து வாங்கியதும் அடங்கிவிட்டாள். அவள் தோளில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு, யாரோ திருடனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"நான்தான் எழுப்புனேன்" என்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"காலையிலேர்ந்து இப்பத்தாங்க குளிக்கப் போனேன். இன்னும் சாப்பிடல. நாள் பூரா பேச ஒரு ஆளு கிடையாது. நானும் இவளும்தான்" என்று சொல்லி அழுதாள்.

வெட்கமாகப் போய்விட்டது. பிள்ளையோடு நாளெல்லாம் இருப்பதால் அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்று பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். நான் பிள்ளைக்காக ஏங்கினேன். அவள், ஒரு மனுஷன் பக்கத்தில் வந்து உட்கார மாட்டானா என்று ஏங்கியிருக்கிறாள். உண்மையைச் சொன்னால், பாலம் தாண்டியதும் நண்பர்களோடு கடையில் உட்கார்ந்து தே தாரேக் டீ குடித்துவிட்டுத்தான் தினமும் வருவேன். மறுநாளிலிருந்து நேராக வீட்டுக்கு வந்து அவளோடு சாப்பிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளே அட்டவணையில் ஒரு வரியைத் திருத்தினாள். "நாலு மணிப் பால நிறுத்தலாம்னு இருந்தேன். நிறுத்தல. இனிமே அது உங்களோடது. நான் எந்திரிக்க மாட்டேன் லா" என்றாள்.

முதல் இரண்டு நாள் பிள்ளை அழுதாள். மூன்றாம் நாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தாள். சமையலறை விளக்கின் அரை வெளிச்சத்தில், என் மடியில் இருபது நிமிடம். பிறகு என் விரலைப் பிடித்தாள். ஒரு நாள் புட்டியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தாள். அன்றைக்குப் பாலத்தில் எவ்வளவு நெரிசல் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அவளுக்குப் பத்தாம் மாதம் நடந்தபோது ஒரு நாள் பாலைக் கலக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் எழவில்லை. மறுநாளும் எழவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது, பிள்ளை பால் குடித்தாளா என்று மனைவி கேட்டாள். "எந்திரிக்கறதே இல்ல" என்றேன். விடியும் வரை பிள்ளை ஒரே மூச்சில் தூங்க வேண்டும் என்றுதான் அவள் அத்தனை சட்டம் போட்டாள். ஆனால் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "வேணும்னா எழுப்பிக்குங்க."

நான் எழுப்பவில்லை. இப்போது மகள் பாலர் பள்ளிக்குப் போகிறாள். அந்த இருபது நிமிடம் இனி வராது என்று தெரிந்தும் தினமும் அவள் அறை வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். எழுப்பலாம் என்ற அனுமதி கையில் இருந்தும் தூங்கட்டும் என்று விட்டுவிட்டுப் போகிற அந்த நேரத்தில்தான், நான் அவளுக்கு அப்பா என்பது எனக்கு முழுசாகப் புரிகிறது.