சம்பந்தியம்மாள் கேட்ட திருப்புளி

நாரின் நகரத்தில் எந்த வீட்டிலாவது சலவை இயந்திரம் மக்கர் செய்தால், "சைராவைக் கூப்பிடு" என்பார்கள். அது முன்பு அவளுடைய கணவனின் தொழிலாக இருந்தது. அவன் கட்டட வேலைக்காக ருஷ்யாவுக்குப் போனபோது, பழுது பார்ப்பதற்காக வாங்கி வைத்திருந்த இயந்திரங்கள் வீட்டின் நடைவழியை அடைத்துக்கொண்டு கிடந்தன. உரியவர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். சாக்குச் சொல்லிச் சலித்துப்போன சைரா, ஒரு நாள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒன்றைப் பிரித்தாள். பிரித்ததைத் திரும்பப் பூட்டத் தெரியாமல் அழுதாள். அழுது முடித்துப் பூட்டினாள். கணவன் விடுமுறையில் வந்து சேர்ந்தபோது, வந்தவர்கள் எல்லாரும் அவனைத் தாண்டி அவளைத் தேடினார்கள். "அப்ப நான் இந்த வீட்டுக்கு விருந்தாளியாத்தான் வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அவனே எழுந்து தேநீர் போடப் போனான்.

எந்த வீட்டுக்குப் போனாலும் சைரா முதலில் காதைத்தான் கொடுப்பாள். உள்ளே தாங்கி தேய்ந்திருந்தால் இயந்திரம் உறுமும். வார் தளர்ந்திருந்தால் கீச்சிடும். துடுப்பு கழன்றிருந்தால் தட்டும். துணிகளைத் தூக்கித் தூக்கிப் போடுவதற்காக உருளைக்குள் விலா எலும்பைப்போலப் புடைத்து நிற்கும் பிளாஸ்டிக் கட்டைகளைத்தான் துடுப்பு என்பார்கள்.

அந்தக் காதுதான் அவளைச் சம்பந்தி வீட்டில் தருமசங்கடத்தில் மாட்டிவிட்டது.

மகள் ஜிபாரை அவள் அத்-பாஷி என்னும் ஊரில் கட்டிக்கொடுத்திருந்தாள். இலையுதிர் காலம் முடிவதற்குள் சம்பந்தி ஒரோஸ்பெக்கும் அவர் மனைவி காலிபாவும் முறைப்படி அழைப்பு அனுப்பினார்கள். கணவன் மீண்டும் ருஷ்யாவில் இருந்ததால் சைரா தனியாகவே போனாள்; மாப்பிள்ளையும் வேலையாக வெளியூர் போயிருந்தான். வாசலுக்கு நேரெதிரே, தலைமை இடத்தில், அவளுக்காகப் புத்தம்புதுக் கம்பளி மெத்தை விரித்திருந்தார்கள். சம்பந்தியாக வந்தவள் அங்கிருந்து எழக்கூடாது; ஒரு தேநீர்க் கிண்ணத்தைக்கூட நகர்த்தி வைக்கக்கூடாது. வைத்தால், வீட்டாருக்கு மரியாதை தெரியவில்லை என்று ஊர் பேசும்.

அவள் அமர்ந்து ஒரு மிடறு தேநீர் குடித்தாள். குளியலறைப் பக்கமிருந்து சத்தம் வந்தது. டக்... டக்... சரக். டக்... டக்... சரக்.

"கேக்குதா சம்பந்தியம்மா?" என்றார் ஒரோஸ்பெக். "எங்க வீட்டு மிஷின் உங்களுக்கு மேளம் அடிக்குது."

"மேளம் நல்லாத்தான் இருக்கு. தாளந்தான் தப்புது."

காலிபா சிரித்தாள். "நல்லா ஓடிக்கிட்டிருந்த மிஷின்தான். மருமக வந்தா, அதுக்கும் ஆட்டம் வந்துருச்சு. புதுக் காலடியாச்சே, என்ன பண்றது!"

சம்பந்திகளுக்குள் எந்தக் கேலிக்கும் தடை இல்லை. ஆகவே சைராவும் சிரித்தாள். ஆனால் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஜிபாரின் கை, ஒரு கணம் நின்று, பிறகு ஊற்றியது.

உணவுக்குமுன் கை கழுவ நீர் வார்ப்பது மருமகளின் வேலை. ஜிபார் கூசாவின் நீரைச் சாய்த்தபடி, உதடு அசையாமல் சொன்னாள்: "நான் எதுவும் பண்ணலம்மா. சட்டைப் பையெல்லாம் தடவிப் பாத்துட்டுத்தான் போடுவேன். மாமா சட்டையை அது கிழிச்சிருச்சு. அன்னையிலேர்ந்து துணிக்கூடையை என்கிட்டத் தர்றதில்ல. இப்பவும் அத்தைதான் போட்டிருக்காங்க. வர்றவங்க போறவங்ககிட்டெல்லாம் காலடி, காலடின்னு..." பிறகு குரலை உயர்த்தி, "துண்டு இந்தாங்கம்மா" என்றாள்.

சைரா துடைத்த கையையே மீண்டும் மீண்டும் துடைத்தாள். அத்-பாஷியின் குளிர்காலம் நீளமானது. வீட்டுக்குள் அடைந்து கிடப்பவர்களுக்குப் பேச்சைத் தவிர வேறு வேலை இல்லை. கேலியாகச் சொன்ன சொல் பனி உருகும்போது பெயராக நிலைத்துவிடும். பழுதோ சின்னப் பழுது. ஆனால், "நான் பார்க்கிறேன்" என்று எழுந்தால், விருந்தாளியை வேலை வாங்கிய அவமானம் ஒரோஸ்பெக்கைச் சேரும். அதற்கும் காரணம் மருமகள்தான் என்று முடியும்.

கறி வந்தது. விருந்தின் மரியாதைக்குரிய வாலடி எலும்பை ஒரோஸ்பெக் இரு கைகளாலும் எடுத்து அவள் முன்னே வைத்தார். அவள் கை வைக்காமல் மற்றவர்கள் தொட மாட்டார்கள். சைரா கைகளை மடியில் கட்டிக்கொண்டாள்.

"ஏன் சம்பந்தி, உப்பு பத்தலையா?" என்று பதறினாள் காலிபா.

"உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கும். நான் ஒண்ணு கேப்பேன். குடுத்தாத்தான் சாப்பிடுவேன்."

ஒரோஸ்பெக் நெஞ்சை நிமிர்த்தினார். "கேளுங்க! குதிரை வேணுமா? லாயத்துல நிக்குது, அவுத்துக்கிட்டுப் போங்க."

"நான் இருக்கறது நாலாவது மாடி. உங்க குதிரை படி ஏறுமா?"

"வேற என்னதான் வேணும்?"

"ஒரு ஸ்க்ரூ டிரைவர். ஒரு டார்ச். கொஞ்சம் கம்பி."

 ஒரோஸ்பெக் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"ஐயையோ!" என்றாள் காலிபா. "சம்பந்தி வந்து குளியலறையில குந்தினாங்கன்னு தெரிஞ்சா ஊரு என் மூஞ்சியில துப்பாதா?"

"துப்புறவங்க வீட்டு மிஷினை நான் தொடமாட்டேன்னு சொல்லிருங்க. கறி ஆறுது."

"கேளுங்கன்னு சொன்ன வாய் இது. சொன்னா சொன்னதுதான்" என்று கிழவர் எழுந்து கருவிப்பெட்டியைத் தேடப் போனார்.

காலிபா தன் பங்குக்கு விட்டுக்கொடுக்கவில்லை. "வெறுந்தரையில மட்டும் உக்கார விடமாட்டேன்" என்று அந்தப் புது மெத்தையை இழுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து, குளியலறைத் தரையில் விரித்தாள். அதன்மேல் முழங்காலிட்ட சைரா, இயந்திரத்தை நிறுத்தி, மின்செருகியைப் பிடுங்கி, நீரை வடித்துக் கதவைத் திறந்தாள். உருளையைக் கையால் மெல்லச் சுழற்றினாள். மூன்று துடுப்புகளில் ஒன்று, விழப்போகும் பல்லைப்போல ஆடியது. ஜிபார் விளக்கைப் பிடித்தாள். கம்பியின் முனையை வளைத்துச் சைரா உருளையின் துளைக்குள் விட்டாள். உள்ளே இருந்த கொக்கியை அமுக்கித் துடுப்பை ஒருபுறமாகத் தள்ளியதும் அது கையோடு வந்தது.

அதன் வயிற்றுக்குள் பழுப்பு நிற ஆட்டுரோமம் திரைந்து அடைந்திருந்தது. அலசாமலே உள்ளே போன ரோமம்: கொழுப்பும் மணலும் முட்செடியின் விதைகளும் ஒட்டியிருந்தன. நனைந்த ரோமம் ஓர் ஆட்டுக்குட்டியின் கனம் கனக்கும். ஒவ்வொரு சுற்றிலும் துடுப்பை நெம்பும். யார் நெம்பவைத்தது என்று சைரா யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவள் முழங்காலுக்கு அருகே, மெத்தையின் தையலில், அதே பழுப்பு நிறத்தில் ஒரு கொத்து எட்டிப் பார்த்தது.

நிமிர்ந்தாள். வாசலில் நின்ற காலிபாவின் முகம் வெளுத்திருந்தது.

"என்ன சம்பந்தியம்மா, புதையலா?" என்று கூடத்திலிருந்து ஒரோஸ்பெக் கத்தினார்.

ஒரு வார்த்தை போதும். மகளின் மேலுள்ள பழி அந்த நொடியே இறங்கிவிடும். ஆனால் அதைச் சொன்னால், மெத்தை போட்டு உட்காரவைத்தவளை அவள் கணவன் எதிரிலேயே தலைகுனிய வைத்ததாகும். ஜிபார் அந்த வீட்டில்தான் வாழவேண்டும். சைரா ரோமத்தைச் சுருட்டித் தன் கோட்டுப் பையில் திணித்தாள்.

"பழைய அழுக்குங்க. மிஷின்னு இருந்தா தேயத்தான் செய்யும். இது யாரு காலடியும் இல்ல."

மற்ற இரண்டு துடுப்புகளையும் கழற்றித் துடைத்தாள். தளர்ந்த கொக்கியைத் திருப்புளியால் நிமிர்த்தி, துடுப்பை அதன் பள்ளத்தில் பொருத்தி, 'டக்' என்னும்வரை தள்ளினாள். பிடித்து ஆட்டிப் பார்த்தாள், அசையவில்லை. துணிகளை மீண்டும் போட்டு ஓடவிட்டபோது, சலசலவென்று நீரின் ஓசை மட்டும் கேட்டது.

கறியைச் சூடாக்கி மறுபடியும் கொண்டுவந்து வைத்தார்கள். மெத்தையும் தன் இடத்துக்குத் திரும்பியது. காலிபா அமரவில்லை, நின்றுகொண்டே கணவனைப் பார்த்தாள்.

"இங்க பாருங்க. மிஷினைக் கெடுத்தது நான்தான். பையனும் மருமகளும் விருந்துக்குப் போயிருந்தப்ப, இந்த மெத்தைக்கான ரோமத்தை அதுல போட்டுத்தான் அலசினேன்."

"ரோமத்தை மட்டும் போடாதேன்னு வாங்கித் தந்த நம்ம பையன் தலையால அடிச்சுக்கிட்டானே!"

"அடிச்சுக்கிட்டான். ஆத்துத் தண்ணி ஐஸா இருந்துச்சு. நீங்க எறங்கி அலசிக் குடுத்திருப்பீங்களா?"

ஒரோஸ்பெக் கறித்தட்டைக் கவனமாகப் பார்த்தார்.

"அப்ப, தப்பு பூராவும் எனக்கு அடியிலதான் இருக்கா?" என்றாள் சைரா.

"மெத்துமெத்துன்னு இருக்கா சம்பந்தி?"

"எந்திரிக்கவே மனசு வரல."

காலிபா சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கதவோரம் நின்ற மருமகளின் தோளைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். "நாளையிலேர்ந்து துணிக்கூடை உன்னோடது. நான் ரோமத்தை எடுத்துக்கிட்டு வந்தா, வெளிய தள்ளிக் கதவைச் சாத்து."

"சாத்திட்டு உங்க பையனுக்கும் போன் போட்டுச் சொல்லிருவேன் அத்தை" என்றாள் ஜிபார். அந்த வீட்டுக்கு வந்தபின் அவள் சொன்ன முதல் கேலி அது.

"இப்பவாவது கை வைங்க சம்பந்தியம்மா" என்று கெஞ்சினார் ஒரோஸ்பெக். "இல்ல, ஃப்ரிட்ஜையும் பிரிச்சாத்தான் சாப்பிடுவீங்களா?"

சைரா தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள். "லேசா உறுமுது. அடுத்த விருந்துக்கு வெச்சுக்கலாம்" என்று கத்தியை எடுத்தாள்.