அத்தையின் முன்பல்

மார்கழியும் தையும் எங்கள் தெருவில் நிதானமாகத்தான் விடியும். பனி இறங்கி நிற்கும். அதற்குள் யாராவது தறியில் ஏற்றப் பட்டு நூலைத் தெரு நீளத்துக்குப் பாவாக விரித்திருப்பார்கள். நூல் கண்ணுக்குத் தெரியாது, நிறம் மட்டும் தெரியும். ஒரு நாள் மாம்பழ மஞ்சள், ஒரு நாள் அரக்கு, அந்தரத்தில் படுத்துக் கிடக்கும். உள்ளேயிருந்து சுக்குக் காப்பி வாசனை வரும். தூங்குகிறேனா, எழுந்துவிட்டேனா என்று எனக்கே தெரியாது. எனக்கு அப்போது ஏழு வயது.

அந்தச் சுக்குக் காப்பியை எங்கள் வீட்டில் பப்பாளிக் காம்பு வைத்து உறிஞ்சியவள் என் அத்தை ஒருத்திதான். அப்பாவின் கடைசித் தங்கை. தறியில் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு, மிச்ச நூலைப் பல்லால் கடித்துத் துண்டிப்பாள். கத்தரிக்கோலைத் தேடி எடுப்பதற்குள் அடுத்த இழை அறுந்துவிடுமே! கடித்துக் கடித்து முன்பல்லில் அரிசி மணி அளவுக்கு ஒரு பள்ளம். சூடு பட்டால் உயிரே போகும். அதற்காகக் குளிர்காலக் காப்பியை விட்டுவிட முடியுமா? கொல்லையில் பப்பாளி இலைக் காம்பை ஒடித்து, பால் போகக் கழுவி, பல்லைத் தாண்டி நாக்கின் மேல் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுவாள். கண்ணை மூடிக்கொள்வாள். அந்த முகத்தைப் பார்த்தால் நமக்கும் பல் கூசாதா என்று ஏக்கமாக இருக்கும்.

குடித்து முடித்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு போய் வாய் கொப்பளிக்க வைப்பாள்.

"பனைவெல்லம் பல்லுல ஒட்டிக்கினே இருந்தா அரிச்சிடும்டீ. பச்சத்தண்ணி வேணாம், வெதுவெதுன்னு ஊத்திக்க."

அந்தத் தையில் அத்தையைப் பெண் பார்க்க ஐயம்பேட்டையிலிருந்து வருவதாகத் தரகர் சொன்னார். மாப்பிள்ளைக்கு ஆபீஸ் உத்தியோகம். அத்தைக்கு ஒரு வாரம் கால் தரையில் படவில்லை.

"தறி இல்லாத வூடுடீ குட்டி. அங்க போயிட்டா நூலு கடிக்க வேணாம். இந்தப் பல்லும் தேறிடும்" என்றாள் என் காதோடு.

அம்மாவுக்கோ பல்லைப் பற்றித்தான் பயம். "சிரிக்கணும்னா வாய மூடிக்கினு சிரி" என்று அத்தையிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். வாயை மூடிக்கொண்டு எப்படிச் சிரிப்பதென்று நானும் கண்ணாடி முன் நின்று முயன்று பார்த்தேன்.

அவர்கள் வந்த காலையிலும் ஒரே பனி. மாப்பிள்ளையின் அம்மா, குளிருக்குச் சுக்குக் காப்பியே போதும் என்றார். கொடுத்தோம். பிறகு அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து, "நீயும் குடிம்மா, ஆறிடப் போவுது" என்று அவள் கையிலும் ஒரு டம்ளரைத் திணித்தார். ஆவி பறந்தது. அத்தை ஒரு வாய் குடித்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. என்னால் தாங்க முடியவில்லை. கொல்லைக்கு ஓடி ஒரு காம்பை ஒடித்துக் கழுவி எடுத்துவந்து, கூடத்தில் எல்லார் முன்னாலும் நீட்டினேன்.

"அட, என்னாது இது?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"அத்தைக்குப் பல்லு கூசும். நூலு கடிச்சிக் கடிச்சிப் பள்ளமாயிடுச்சி" என்று விளக்கம் வேறு சொன்னேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அவள் கைக்கு எட்டாமல் தள்ளி நின்றுகொண்டேன்.

"வாயத் தொறம்மா, பாப்போம்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அத்தை திறந்தாள். அந்த அம்மா முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி நன்றாகப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"எத்தினி வருசமா தறியில குந்துற?"

"பத்து வயசுலேர்ந்துங்க."

"எங்க வூட்லயும் ரெண்டு தறி இருக்குது. பெரிய மருமவளுக்குக் கண்ணு மங்கிப்போச்சி, ஒண்ணு சும்மா கெடக்குது. பையன் ஆபீசுக்குப் போனா என்னா, நீ பாத்துக்க மாட்டியா?"

தரகர் இதைச் சொல்லவேயில்லை. அத்தை குனிந்த தலை நிமிரவில்லை. வெட்கம் என்று எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மா கையோடு கொண்டுவந்திருந்த பூவை அவள் தலையில் வைத்துவிட்டார். கிள்ளக் காத்திருந்த என் அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னால்தான் கல்யாணம் முடிவாயிற்று என்று தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பியபோது அத்தை அடுக்களையில் தனியாக நின்றிருந்தாள். மிச்சக் காப்பி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. காம்பைக் கொடுத்தேன். "அங்கயும் தறிதானேடீ" என்று வாங்கி ஓரமாக வைத்தாள். கொதிக்கக் கொதிக்க டம்ளரில் ஊற்றி, நின்றபடியே மடக் மடக்கென்று குடித்தாள். முகம் சுளிக்கவில்லை. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அத்தைக்குப் பல் சரியாகிவிட்டது என்று கத்திக்கொண்டே அம்மாவிடம் ஓடினேன்.